ஏ. பீம்சிங்

ஏ. பீம்சிங் (அக்டோபர் 15, 1924 – ஜனவரி 16, 1978) தமிழிலும் இந்தியிலும் பல திரைப்படங்களை இயக்கிய தென்னிந்தியத் திரைப்பட இயக்குனரும் படத்தொகுப்பாளரும் ஆவார். ப என்னும் எழுத்து வரிசையில் பெயர் தொடங்கும் படங்களைத் தொடர்ந்து எடுத்தவர் என்று பரவலாக அறியப்படுகிறார். பாகப்பிரிவினை, படிக்காத மேதை, பாவ மன்னிப்பு, பாசமலர், பாலும் பழமும், பார்த்தால் பசி தீரும் ஆகியவை இவருடைய புகழ்பெற்ற படங்களுட் சில. சிவாஜி கணேசனின் நடிப்பு வாழ்க்கையில் 1958 முதல் 1965 வரையிலான காலத்தைப் பெரிதும் வடிவமைத்தவர்களுள் ஒருவர்.

இவருடைய படங்கள் பொதுவாகக் குடும்பப் படங்கள் என்றும் கண்ணீர்ப் படங்கள் என்றும் வகைப்படுத்தப்படுகின்றன. இவ்வகைப்பாடு தவறன்று எனினும் முழுமையானதும் அன்று. ஒருவர் அவசரத்திலோ பெருமிதத்திலோ அன்பின் மிகுதியிலோ எடுக்கும் ஒரே ஒரு முடிவு, அவரையும் அவரைச் சார்ந்தவர்களையும் எங்கே கொண்டு சேர்க்கிறது என்பதே இவருடைய பெரும்பாலான கதைகளின் அடிப்படை. திருக்குறளில் தெரிந்து செயல்வகை என்னும் அதிகாரம் அரசனுக்குச் சொல்லும் பொருளை, இவர் வீட்டுக் கூடத்துக்குக் கொண்டு வந்தார் எனலாம்.

தொடக்க காலம்

பீம்சிங் திரைத்துறைக்குள் நுழைந்தது படத்தொகுப்பு அறையின் வழியாகும். கிருஷ்ணன்–பஞ்சு என்ற இரட்டை இயக்குனர்களிடம் உதவியாளராகச் சேர்ந்து தொழில் கற்றார். இவர்களுள் பஞ்சு படத்தொகுப்பில் தேர்ந்தவர். கிருஷ்ணனின் தங்கை சோனாவைப் பீம்சிங் மணந்துகொண்டார். இதனால் குருவின் குடும்பத்தில் ஒருவராகவும் ஆனார்.

கிருஷ்ணன்–பஞ்சு 1952 ஆம் ஆண்டில் பராசக்தியையும் 1954 ஆம் ஆண்டில் இரத்தக்கண்ணீரையும் இயக்கினர். இரண்டாவது படம், வெளிநாட்டிலிருந்து திரும்பிய செல்வந்தன் ஒருவன் நல்லோர் சொல்லைக் கேளாமல் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் கதை. திருவாரூர் கே. தங்கராசுவின் நாடகத்தை அடிப்படையாகக் கொண்ட அப்படத்தில் நாயகனாக நடித்த எம். ஆர். ராதா, பின்னாளில் பீம்சிங்கின் படங்களில் இன்றியமையாத நடிகரானார். ஆனால் குருவின் பாதைக்கும் சீடரின் பாதைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. இரத்தக்கண்ணீரில் விவேகமற்றவன் ஒருவன், அவனே அதற்கு விலை கொடுக்கிறான். பீம்சிங்கின் படங்களில் ஒருவர் செய்யும் பிழைக்குப் பெரும்பாலும் வேறொருவர் விலை கொடுக்கிறார்.

படத்தொகுப்பாளராகத் தொடங்கியதன் பயன் பீம்சிங்கின் படங்களில் கடைசிவரை தெரிகிறது. ஒரு பாத்திரம் சொல் ஒன்றைச் சொன்னதும், சொன்னவரை விட்டுவிட்டு அதைக் கேட்டவரின் முகத்தில் காட்சியை நிறுத்தி வைப்பது அவர் வழக்கம். தாம் இயக்கிய படங்கள் பலவற்றின் தொகுப்புப் பணியிலும் அவரே ஈடுபட்டார்.

இயக்குனராக இவருடைய முதற்படம் 1954 ஆம் ஆண்டு வெளிவந்த அம்மையப்பன் ஆகும். மு. கருணாநிதி கதை வசனம் எழுத, எஸ். எஸ். ராஜேந்திரன் நாயகனாக நடித்தார். படம் வெற்றி பெறவில்லை.

வேலூர்த் தொடர்பு

பராசக்தியை ஏவிஎம் நிறுவனத்துடன் இணைந்து தயாரித்த நேஷனல் பிக்சர்ஸ் உரிமையாளர் பி. ஏ. பெருமாள் வேலூரைச் சேர்ந்தவர். வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டு, திருப்பத்தூர் ஆகிய ஊர்கள் அடங்கிய அன்றைய வட ஆர்க்காடு மாவட்டம், தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர் பெற்றது. தமிழ்த் திரைப்பட வரலாற்றில் அம்மாவட்டத்துக்கு உரிய இடம் பெரிதும் பெருமாளால் வந்ததாகும். மேடை நடிகராக இருந்த கணேசனைப் பராசக்தியின் நாயகனாக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். படப்பிடிப்பின் தொடக்கத்தில், நடிகர் மெலிந்திருக்கிறார், மாற்றிவிடலாம் என்ற எதிர்ப்பு எழுந்தபோதும் அவர் முடிவை மாற்றவில்லை. அந்த நன்றியை மறவாத சிவாஜி கணேசன், பொங்கல் தோறும் வேலூருக்குச் சென்று பெருமாளைக் கண்டு வரும் வழக்கத்தை வாழ்நாள் முழுவதும் கைக்கொண்டார். திரையில் விவேகத்தைப் பற்றிப் பேசிய எந்தக் காட்சிக்கும் குறையாத நிகழ்ச்சி இது.

இதே நேஷனல் பிக்சர்ஸ் நிறுவனத்துக்காகப் பீம்சிங் ராஜா ராணி (1956) படத்தை இயக்கினார். சிவாஜி கணேசனைப் பீம்சிங் இயக்கிய முதற்படம் இதுவே. பத்மினி நாயகியாகவும் என். எஸ். கிருஷ்ணன் முக்கிய வேடத்திலும் நடித்தனர். கருணாநிதி எழுதிய சேரன் செங்குட்டுவன், சாக்ரடீஸ் ஆகிய ஓரங்க நாடகங்கள் படத்துக்குள் இடம்பெற்றன. சாக்ரடீஸ் நாடகத்தில், தப்பிப் பிழைப்பதா, கொண்ட கொள்கைக்காக நஞ்சுண்பதா என்ற நிலையில் நிற்கும் அறிஞனாக சிவாஜி தோன்றினார். அந்த நாடகப் பகுதி பின்னர் தனி ஒலிப்பதிவாகவும் கேட்கப்பட்டு, படத்தைக் காட்டிலும் நெடுநாள் நினைவில் நின்றது.

நேஷனல் பிக்சர்ஸுக்காக அவர் இயக்கிய மற்றொரு படம் பெற்ற மனம் (1960). இதன் மூலக்கதை மு. வரதராசனின் அதே பெயருடைய புதினம். மு. வ. 1912 ஆம் ஆண்டு திருப்பத்தூரில் பிறந்தவர். வட ஆர்க்காட்டு மண்ணையும் மனிதர்களையும் தம் புதினங்களில் விரும்பி எழுதியவர். திருக்குறளுக்கு அவர் எழுதிய தெளிவுரை இன்றும் மாணவர்களால் மிகுதியாகப் பயன்படுத்தப்படுகிறது. மு. வ.வின் புதினங்களில் மாந்தர்கள் செய்வதைவிடச் செய்யலாமா என்று எண்ணிப் பார்ப்பதே அதிகம். எழுத்தில் அது சுவையாக இருக்கும். திரையில் அதற்கு இடம் கொடுப்பது கடினம். பீம்சிங்கின் பேர்பெற்ற படங்களோடு வைத்து இப்படம் இன்று அதிகம் பேசப்படுவதில்லை. எனினும் வேலூர்த் தயாரிப்பாளர், திருப்பத்தூரில் பிறந்த எழுத்தாளர் ஆகிய இருவரையும் ஒரே படத்தில் இணைத்தது என்ற வகையில் வட ஆர்க்காட்டுக்காரர்கள் இதனை நினைவிற் கொள்ளலாம்.

புத்தா பிக்சர்சும் ப வரிசையும்

பீம்சிங்குக்கு உண்மையான திருப்புமுனை பதிபக்தி (1958) ஆகும். கதாசிரியர் எம். எஸ். சோலைமலை முதலிய நண்பர்களுடன் சேர்ந்து உருவாக்கிய புத்தா பிக்சர்ஸ் நிறுவனத்தின் பெயரில் இப்படம் வந்தது. சிவாஜி கணேசன், ஜெமினி கணேசன், சாவித்திரி, எம். என். ராஜம் ஆகியோர் நடித்தனர். ஒளிப்பதிவுக்கு ஜி. விட்டல் ராவ், இசைக்கு விஸ்வநாதன்–ராமமூர்த்தி என அமைந்த இக்குழு பின்வந்த பல படங்களிலும் தொடர்ந்தது. பாடல்களுக்குக் கண்ணதாசன் இக்குழுவின் நிலையான துணையாக இருந்தார்.

ப எழுத்து இவருக்கு இராசியானது என்ற கருத்து திரையுலகில் நிலவியது. ஆனால் களத்தூர் கண்ணம்மா (1960) என்ற வெற்றிப்படம் அந்த வரிசையில் சேராதது. வரிசையில் சேர்ந்த பழநி (1965) எதிர்பார்த்த வெற்றியைப் பெறவில்லை. ஆகவே எழுத்தைவிடக் கதைத் தேர்வே வெற்றிக்குக் காரணம் என்று கொள்வது பொருந்தும்.

பாகப்பிரிவினை (அக்டோபர் 31, 1959) கூட்டுக் குடும்பம் ஒன்று இரண்டாகப் பிளவுபடும் கதை. டி. எஸ். பாலையா அண்ணனாகவும் எஸ். வி. சுப்பையா தம்பியாகவும் நடித்தனர். தம்பியின் மகன் கண்ணையன், சிறுவயதில் மின்சாரம் தாக்கியதால் ஒரு கையும் காலும் செயலிழந்தவன். சிங்கப்பூரிலிருந்து வந்து சேரும் சிங்காரம் (எம். ஆர். ராதா) வீட்டில் ஏற்கனவே இருந்த மனக்கசப்பை ஊதிப் பெரிதாக்குகிறான். அண்ணன் தீயவர் அல்லர். மனைவியின் சொல்லுக்கும் விருந்தாளியின் சொல்லுக்கும் இடையில் தாமாக எதையும் எண்ணிப் பார்க்காதவர், அவ்வளவே. வீட்டின் நடுவே சுவர் எழும்போது, அது தவறு என்று தெளிவாக உணர்ந்திருப்பவன் உடற்குறையுடைய கண்ணையன் ஒருவனே. அவன் சொல்லுக்கு வீட்டில் மதிப்பில்லை. சிவாஜி கணேசன் உடலைக் கோணலாக்கி நடித்த இவ்வேடம் அவருடைய சிறந்த வேடங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. தமிழில் சிறந்த படத்துக்கான குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் இப்படத்துக்குக் கிடைத்தது.

படிக்காத மேதை

1960 ஆம் ஆண்டு சூன் மாதம் வெளிவந்த படிக்காத மேதை, விவேகம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியை நேரடியாகத் தலைப்பிலேயே எழுப்பிய படம். வங்காள எழுத்தாளர் ஆஷாபூர்ணா தேவியின் கதையை ஒட்டி 1953 ஆம் ஆண்டு வங்காளத்தில் வந்த ஜோக் பியோக் படமே இதற்கு மூலம். தமிழுக்குத் திரைக்கதை வசனம் எழுதியவர் கே. எஸ். கோபாலகிருஷ்ணன். இசை கே. வி. மகாதேவன்.

ராவ்பகதூர் (எஸ். வி. ரங்காராவ்) ஒருவரின் வீட்டில் ரங்கன் என்ற ஆதரவற்ற பிள்ளை வளர்கிறான். அவனுக்கு எழுத்தறிவு இல்லை. வளர்த்தவர்களைத் தாய் தந்தையாக எண்ணி உழைப்பது ஒன்றே அவனுக்குத் தெரியும். வீட்டில் பிறந்த பிள்ளைகளோ படித்தவர்கள், கணக்குத் தெரிந்தவர்கள். செல்வம் சரியும்போது அக்கணக்குகள் ஒவ்வொன்றாக வெளிப்படுகின்றன. பெற்றவர்களை யார் காப்பது என்பதிலும் அவர்கள் கணக்கே பார்க்கிறார்கள். ரங்கன் மட்டும் அந்த வீட்டின் மதிப்பு குறைந்துவிட்டதாக உணரவில்லை.

இப்படத்தின் உச்சம் இறுதிக் காட்சி அன்று. ராவ்பகதூர் ரங்கனை வீட்டை விட்டு வெளியே போகச் சொல்லும் இடமே உச்சம். தம்மோடு இருந்தால் அவனும் அவன் மனைவியும் அவமானப்படுவார்கள் என்று உணர்ந்த கிழவர், கோபம் கொண்டவர் போல் அவனைத் துரத்துகிறார். அன்பினால் எடுக்கப்பட்ட, ஆனால் அன்பை வெளியே காட்ட முடியாத முடிவு அது. ரங்காராவும் சிவாஜியும் நேருக்கு நேர் நிற்கும் அக்காட்சியில், நல்ல முடிவு என்பது எடுப்பவருக்கு மகிழ்ச்சி தரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது விளங்குகிறது. அந்த முடிவு சரிதானா என்பதைப் படம் தீர்த்துச் சொல்லவில்லை. பெரியவரின் கடைசி நாட்களில் ரங்கன் அருகில் இல்லாமற் போனதற்கும் அதுவே காரணமாகிறது. பின்னர் ரங்கன் கூலி வேலை செய்து தன் சிறு குடிசையில் வளர்ப்புத் தாயை (கண்ணாம்பா) வைத்துக் காக்கிறான்.

இதே கேள்வியை மறுபுறமிருந்து கேட்டது படித்தால் மட்டும் போதுமா (ஏப்ரல் 14, 1962). வங்காள எழுத்தாளர் தாராசங்கர் பந்தோபாத்தியாயின் கதையை அடிப்படையாகக் கொண்டது. முரடனும் படிக்காதவனுமான ஒருவனுக்கும் (சிவாஜி கணேசன்), நன்கு படித்த ஒருவனுக்கும் (கே. பாலாஜி) பெண் பார்க்கிறார்கள். ஒருவனுக்காக மற்றவன் சென்று பெண் பார்த்து வருவது என்று ஏற்பாடு. படித்தவன், மற்றவனுக்குப் பார்த்த பெண்ணின் மேல் ஆசை கொண்டு, கடிதங்களில் பொய் எழுதி மணமக்களை மாற்றிவிடுகிறான். எழுதத் தெரிந்தவனால் மட்டுமே செய்யக்கூடிய குற்றம் அது. இரு திருமணங்களும் அதனால் கெடுகின்றன. இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர்களுக்கு, பீம்சிங் கல்வியை இழித்துரைக்கவில்லை என்பது தெளிவாகும். கற்றவர்கள் தம் கல்வியை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்றே அவர் கேட்டார்.

களத்தூர் கண்ணம்மா

ஏவிஎம் தயாரிப்பான இப்படத்தை இயக்கத் தொடங்கியவர் டி. பிரகாஷ் ராவ். அவர் இடையில் விலகவே, பொறுப்பு பீம்சிங்கிடம் வந்தது. பிறர் தொடங்கிய படத்தைப் பாதியில் ஏற்று முடிப்பது எந்த இயக்குனருக்கும் இடர் நிறைந்த செயல். ஜாவர் சீதாராமன் எழுதிய கதையில் ஜெமினி கணேசனும் சாவித்திரியும் நடித்தனர். 1960 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12 அன்று படம் வெளிவந்தது. கமல்ஹாசன் குழந்தை நட்சத்திரமாக அறிமுகமானது இப்படத்தில்தான். இதன் இந்தி வடிவமான மைன் சுப் ரஹூங்கி (1962) படத்தையும் பீம்சிங்கே இயக்கினார். அதில் மீனா குமாரி, சுனில் தத் நடித்தனர்.

1961

ஓர் இயக்குனருக்கு ஒரே ஆண்டில் மூன்று பெரும் வெற்றிகள் அமைவது அரிது. பீம்சிங்குக்கு 1961 அவ்வாறு அமைந்தது.

மார்ச் 16 அன்று வெளிவந்த பாவ மன்னிப்பு, புத்தா பிக்சர்சும் ஏவிஎம்மும் இணைந்து தயாரித்தது. வைர வணிகன் ஆளவந்தான் (எம். ஆர். ராதா) பேராசையால் ஒரு கொலையைச் செய்து, அதை மறைக்கும் முயற்சியில் தன் மகனையே இழக்கிறான். அந்தக் குழந்தை ஒரு முஸ்லிம் பெரியவரின் (சித்தூர் வி. நாகையா) வளர்ப்பில் ரகீமாக வளர்கிறது. கிறித்தவரான ஜேம்ஸ் (எஸ். வி. சுப்பையா) இன்னொரு குடும்பத்தின் பெண்ணை வளர்க்கிறார். ஆண்டுகள் சென்றபின், தன் வழியில் குறுக்கே நிற்கும் ரகீமின் முகத்தில் ஆளவந்தான் அமிலத்தை ஊற்றச் செய்கிறான். அது தன் பிள்ளை என்று அவனுக்குத் தெரியாது. முதற் குற்றத்தை மறைக்க எடுக்கும் ஒவ்வொரு முடிவும் அவனை அவன் குருதிக்கே பகையாக்குகிறது. அகில இந்திய அளவில் இரண்டாவது சிறந்த படத்துக்கான தகுதிச் சான்றிதழ் இதற்கு வழங்கப்பட்டது.

பாசமலர் மே 27 அன்று வெளிவந்தது. கதை கே. பி. கொட்டாரக்கரா, வசனம் ஆரூர்தாஸ். அண்ணன் ராஜசேகரன் (சிவாஜி கணேசன்), தங்கை ராதா (சாவித்திரி), தங்கையின் கணவன் ஆனந்தன் (ஜெமினி கணேசன்) ஆகிய மூவரைச் சுற்றிய கதை இது. தமிழ்நாட்டில் அண்ணன் தங்கை பாசத்துக்கு இன்றுவரை உவமையாகச் சொல்லப்படுவது இப்படமே. அதன் புகழாலேயே படத்தின் இன்னொரு பக்கம் கவனிக்கப்படாமல் போய்விட்டது. ராஜசேகரன் தங்கையின் சேமிப்பைக் கொண்டு தொழிலதிபராக உயர்ந்தவன். ஆனந்தன் தொழிலாளர் பக்கம் நிற்பவன். தொழிற்சாலைப் பூசலை வீட்டுக்குள் கொண்டுவரக்கூடாது என்ற எளிய விவேகம் அண்ணனுக்கு வருவதற்குள் பாதிப் படம் கடந்துவிடுகிறது. தங்கை தன் காதலைத் துறக்கவும் ஆயத்தமாக இருப்பதை அவன் மறைவில் நின்று கேட்டு, மனம் மாறி, தானே திருமணத்தை முடித்து வைக்கிறான். அது அவன் எடுத்த சரியான முடிவு.

அடுத்து எடுப்பது தவறான முடிவு. தங்கையைப் பிரிய மனமின்றி, மணமான பின்னும் எல்லோரும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்கிறான். ஆனந்தனின் அத்தை அவ்வீட்டில் நுழைவதற்கும் பகை மூட்டுவதற்கும் அதுவே வழி செய்கிறது. பூசல் முற்றியதும் வீட்டையும் செல்வத்தையும் விட்டு அண்ணன் வெளியேறுகிறான். தியாகம் என்று அவன் எண்ணிச் செய்தது, தங்கையை அத்தையின் கையில் தனியே விட்டுவிட்டதாக முடிகிறது. அன்பு மட்டும் இருந்து தெளிவு இல்லாதபோது நேர்வது என்ன என்பதை இவ்வளவு விரிவாகக் காட்டிய தமிழ்ப்படம் அதற்கு முன் இல்லை என்றே கூற வேண்டும். கண்ணீர் மிகுதி என்று இப்படத்தைக் குறை கூறுவோர் உளர். அது நியாயமான குறையே. ஆனால் கண்ணீருக்கான காரணங்களைப் படம் ஒவ்வொன்றாக அடுக்கி வைத்திருக்கிறது. விதியின் மேல் பழி போட்டுவிட்டு நகர்ந்துவிடவில்லை.

பாலும் பழமும் செப்டம்பர் 9 அன்று வெளியானது. புற்றுநோய்க்கு மருந்து காண முயலும் மருத்துவரின் மனைவி சாந்தி (சரோஜாதேவி), தனக்குக் காசநோய் வந்ததும், கணவரின் ஆராய்ச்சி தன்னால் தடைபடும் என்று எண்ணி யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டுப் போகிறாள். அவள் இறந்துவிட்டதாக நம்பப்படுகிறது. கணவர் வேறொரு பெண்ணை (சௌகார் ஜானகி) மணக்க நேர்கிறது. சாந்தியோ நோய் நீங்கித் திரும்பி வருகிறாள். கணவரை ஒரு சொல் கேட்டிருந்தால் இக்கதையே இல்லை. பாவ மன்னிப்பும் பாசமலரும் 25 வாரங்களுக்கு மேல் ஓடின. பாலும் பழமும் நூறு நாட்களைக் கடந்தது.

மறைத்து வைத்த உண்மைகள்

உண்மையைச் சொல்லாமல் விடுவது எப்போது விவேகம், எப்போது கோழைத்தனம் என்பது பீம்சிங்கை விடாது ஈர்த்த கேள்வி. பார்த்தால் பசி தீரும் (ஜனவரி 14, 1962) படத்தின் கதையை எழுதியவர் பின்னாளில் இயக்குனராகப் புகழ்பெற்ற ஏ. சி. திருலோகசந்தர். போர்க்காலத்தில் பிரிந்துபோன நண்பனின் மனைவியையும் குழந்தையையும் காக்கும் பாலு (சிவாஜி கணேசன்), அந்த நண்பன் வேறொருத்தியை மணந்து வாழ்வதைக் காண்கிறான். சொன்னால் ஒரு குடும்பம் உடையும். சொல்லாவிட்டால் இன்னொருத்தி தன் உரிமையை இழப்பாள். பாலு சொல்லாமல் இருக்கிறான். அதனால் வரும் பழியையும் தானே ஏற்கிறான். சாவித்திரியும் சிறுவன் கமல்ஹாசனும் இப்படத்தில் இரட்டை வேடம் ஏற்றனர்.

பார் மகளே பார் (ஜூலை 12, 1963) ஒரு மேடை நாடகத்தின் திரைவடிவம். மருத்துவமனையில் இரு பெண்குழந்தைகள் அடையாளம் தெரியாமற் கலந்துவிடுகின்றன. எது தன் குழந்தை என்று அறியாத தாய், இரண்டையும் இரட்டைக் குழந்தைகள் என்று கூறி வீட்டுக்குக் கொண்டு வருகிறாள். குலப்பெருமை பாராட்டும் கணவர் சிவலிங்கத்திடம் அவள் உண்மையைச் சொல்லவில்லை. ஆண்டுகள் கழித்து உண்மை வெளிப்படும்போது, சிவலிங்கம் தன் பெருமைக்கும் தான் வளர்த்த பாசத்துக்கும் இடையே சிக்கிக்கொள்கிறார். தாயின் முடிவு அன்று அவளுக்குக் கிடைத்த ஒரே நல்ல வழி. பிழை கணவரிடம் இருக்கிறது. அவரிடம் உண்மையைச் சொல்ல முடியாத நிலையை ஏற்படுத்தியவர் அவரே. வில்லன் என்று ஒருவரும் இல்லாமலேயே நாடகம் முழுதும் நடைபெறுவதால், பீம்சிங்கின் படங்களுள் இது முதிர்ச்சி மிக்கது என்று கருத இடமுண்டு.

பச்சை விளக்கு (1964), பழநி (1965), சாந்தி (1965), பாலாடை (1967) ஆகியவை இவ்விணையின் பிற்காலப் படங்கள். பாதுகாப்பு (1970) படத்துக்குப் பின் சிவாஜி கணேசனும் பீம்சிங்கும் சேரவில்லை.

இந்தித் திரைப்படங்கள்

தம் தமிழ்ப் படங்கள் பலவற்றைப் பீம்சிங் தாமே இந்தியில் மீண்டும் எடுத்தார். பாசமலர் ராக்கி (1962) ஆனது. அசோக் குமாருக்கு அப்படத்துக்காக ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது. பாகப்பிரிவினை கான்தான் (1965) ஆனது. சுனில் தத் அதே விருதைப் பெற்றார். படிக்காத மேதை மெஹர்பான் (1967) ஆயிற்று. பிறர் இயக்கிய ஆலயமணியைத் திலீப் குமாரைக் கொண்டு ஆத்மி (1968) என்றும், நவராத்திரியை சஞ்சீவ் குமாரைக் கொண்டு நயா தின் நயீ ராத் (1974) என்றும் எடுத்தார். கோபி (1970), ஜோரு கா குலாம் (1972), லோஃபர் (1973) ஆகியவையும் இவர் இயக்கியவை.

கூட்டுக் குடும்பம், பாகம் பிரித்தல், உடன்பிறப்புப் பாசம் முதலியவை வட இந்தியருக்கும் பழக்கமானவை ஆதலால் இக்கதைகள் அங்கே எளிதில் ஏற்கப்பட்டன. ஆனால் இப்பணிகளில் ஈடுபட்டிருந்த ஆண்டுகளில் தமிழ்த்திரை மாறிவிட்டது. கே. பாலச்சந்தர் முதலிய புதியவர்கள் குடும்பக் கதைகளை வேறு விதமாகச் சொல்லத் தொடங்கியிருந்தனர். 1970களின் முற்பகுதியில் பீம்சிங்கின் பாணி பழையதாகக் கருதப்பட்டது.

சில நேரங்களில் சில மனிதர்கள்

ஐம்பது வயதைக் கடந்த பின், தம் பழைய பாணியைப் பெருமளவு விட்டுவிட்டு அவர் எடுத்த படம் சில நேரங்களில் சில மனிதர்கள் (1977). மூலம், 1972 ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது பெற்ற ஜெயகாந்தனின் புதினம். திரைக்கதையையும் ஜெயகாந்தனே எழுதினார். லட்சுமி, ஸ்ரீகாந்த், சுந்தரிபாய், ஒய். ஜி. பார்த்தசாரதி, நாகேஷ் ஆகியோர் நடித்தனர்.

இப்புதினத்துக்கு ஒரு முன்கதை உண்டு. ஜெயகாந்தன் 1966 ஆம் ஆண்டு ஆனந்த விகடனில் அக்கினிப் பிரவேசம் என்ற சிறுகதையை எழுதினார். மழை நாளில் முன்பின் அறியாத ஒருவனின் காரில் ஏறிய கல்லூரி மாணவி, கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். சிறுகதையில் தாய் முதலில் ஆத்திரப்பட்டாலும், பின் தன்னை அடக்கிக்கொண்டு, மகளின் தலையில் நீரை ஊற்றிக் குளிப்பாட்டி, நடந்ததை யாருக்கும் தெரியாமல் அங்கேயே முடித்துவிடுகிறாள். அக்கதை பெரும் விவாதத்தை எழுப்பியது. அந்தத் தாய் அவ்வாறு செய்யாமல், ஊரறியக் கூச்சலிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியிலிருந்து புதினம் பிறந்தது. அதில் கங்காவின் தாய் கதறுகிறாள். அண்ணன் அவளை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். மாமா அடைக்கலம் தந்து படிக்க வைக்கிறார், ஆனால் அவரும் தூய நோக்கமுடையவர் அல்லர். கங்கா உயர்ந்த பணியில் அமர்ந்த பின், தன் வாழ்வை மாற்றிய அந்த மனிதனையே தேடிச் செல்கிறாள்.

ஒரு தாய் சில நிமிடங்களில் எடுக்கும் முடிவு ஒரு பெண்ணின் முழு வாழ்வாக விரிவது, பீம்சிங் இருபது ஆண்டுகளாகச் சொல்லி வந்த கதைதான். வேறுபாடு, இங்கே சமாதானமாக முடிக்க வழி இல்லை என்பது. பாகப்பிரிவினையில் சுவர் இடிந்து குடும்பம் கூடும். பாவ மன்னிப்பில் தந்தை திருந்துவான். கங்காவின் கதையில் இழந்தது திரும்பவில்லை. பீம்சிங்கும் அதைத் திருப்பித் தர முயலவில்லை. பழைய படங்களில் காணப்பட்ட உரத்த வசனமும் இங்கு இல்லை. கருப்பு வெள்ளையில், சிறு அறைகளில், தாழ்ந்த குரலில் படம் நகர்கிறது. கங்காவாக நடித்த லட்சுமிக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது.

இதனைத் தொடர்ந்து ஜெயகாந்தனின் மற்றொரு புதினமான ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள் (1978) படத்தையும் பீம்சிங் இயக்கினார். இதிலும் லட்சுமியும் ஸ்ரீகாந்தும் நடித்தனர். புதிய வழி ஒன்றை அவர் கண்டுகொண்ட நேரத்தில் காலம் அவருக்கு இடம் தரவில்லை. 1978 ஆம் ஆண்டு ஜனவரி 16 அன்று, தமது 53 ஆம் வயதில் காலமானார்.

குடும்பம்

சோனாவை மணந்த பீம்சிங், 1959 ஆம் ஆண்டு நடிகை சுகுமாரியையும் மணந்தார். மலையாளத் திரையில் பெரும்புகழ் பெற்ற சுகுமாரி 2003 ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்று, 2013 ஆம் ஆண்டு மறைந்தார். பீம்சிங்கின் மகன் பி. கண்ணன் ஒளிப்பதிவாளர், இயக்குனர் பாரதிராஜாவின் பல படங்களுக்கு ஒளிப்பதிவு செய்த அவர் 2020 ஆம் ஆண்டு காலமானார். மற்றொரு மகன் பி. லெனின் படத்தொகுப்பாளராகப் பல தேசிய விருதுகளைப் பெற்றவர். லெனின் இயக்கிய ஊருக்கு நூறு பேர் (2001) சிறந்த இயக்கத்துக்கான தேசிய விருதை அவருக்குப் பெற்றுத் தந்தது. அதன் மூலக்கதையும் ஜெயகாந்தனுடையதே.